மூன்று வாரத்துக்கு முன்புதான் புழு மருந்து கொடுத்தோம், மறுபடியும் அரிசி மாதிரி வருகிறது

ஜிம்மி_வீட்டுக்காரி

வணக்கம். எங்கள் நாய் ஜிம்மிக்கு 2 வயது, 14 கிலோ. மூன்று வாரத்துக்கு முன்பு அவன் வாலுக்குக் கீழே முடியில் அரிசி ஒட்டியிருப்பது போல ஏதோ தெரிந்தது. தட்டிவிடப் போனால் நெளிகிறது! கடையில் குடற்புழு மருந்து என்று கேட்டு ஒரு சிரப் வாங்கி, பாட்டிலில் போட்டிருந்த எடைக் கணக்குப்படி கொடுத்தோம். சில நாள் ஒன்றும் கண்ணில் படவில்லை. இன்று காலை அவன் படுக்கையை உதறினால் எள் மாதிரி காய்ந்த துணுக்குகள் கொட்டுகின்றன. பின்பக்கத்தைத் தரையில் வேறு தேய்த்துக்கொண்டே போகிறான். சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போல்தான்.

மருந்து வேலை செய்யவில்லையா? இல்லை, இன்னொரு தடவை கொடுக்க வேண்டுமா? என் 4 வயது மகள் அவனைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். எனக்கு அதுதான் பயம்.

சும்மா_ஒரு_ஆள்

அளவு போதவில்லை. அதே சிரப்பை இரண்டு மடங்கு கொடுங்கள், ஓடிப்போகும். நான் அப்படித்தான் செய்வேன்.

வால்கூட்டம்

இரண்டு மடங்கு எல்லாம் வேண்டாம் அக்கா, கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டில் நான்கு நாய்கள், இந்த அரிசிக் கதையை நான் மூன்று தடவை பார்த்தாயிற்று. இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, பாட்டிலைத் திருப்பிப் பார்த்து உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் இல்லை, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்குமே, அது.

இரண்டு, ஜிம்மிக்குத் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா? இடுப்புக்கு மேலே, வால் ஆரம்பிக்கும் இடத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். கருப்புத் தூள் கிடந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். குடித்த ரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

ஜிம்மி_வீட்டுக்காரி

பைரன்டெல் என்று மட்டும் போட்டிருக்கிறது. துணியில் தட்டிப் பார்த்தேன், சிவப்பாகத்தான் கசிகிறது. அடக் கடவுளே. ஆனால் புழுவுக்கும் தெள்ளுக்கும் என்ன சம்பந்தம்?

நுண்ணோக்கி

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. நான் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. நாள் முழுக்க நாய்மலம் பார்க்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது முழுப் புழு இல்லை. நாடாப்புழுவின் கணுக்கள். பெயர் டிபிலிடியம் கேனைனம். குடலுக்குள் தலையை ஊன்றிக்கொண்டு அரை மீட்டர் நீளம் வரைக்கும் சாதாரணமாக வளரும். முற்றிய கணுக்கள் வாலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே வரும். வந்த புதிதில் நெளியும், காய்ந்தால் எள் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு கணுவுக்குள்ளும் பொட்டலம் பொட்டலமாக முட்டை.

இந்த முட்டையை நாய் நேரடியாகத் தின்றாலும் அதற்குப் புழு வராது. முட்டையைத் தின்ன வேண்டியது தெள்ளின் புழுப்பருவக் குஞ்சு. படுக்கை இடுக்கில், தரை விரிப்பில் கிடந்து குப்பையைத் தின்று வளர்கிற பருவம் அது. பெரிய தெள்ளுக்கு உறிஞ்சும் வாய்தான் உண்டு, முட்டையை மெல்ல முடியாது. குஞ்சு தின்ற முட்டை, அது தெள்ளாக மாறும்போது கூடவே உள்ளே வளர்ந்துகொள்ளும். அப்புறம் அரிக்கிறதே என்று நாய் தன்னையே கடித்துக்கொள்ளும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அரிசி.

இப்போது உங்கள் சிரப்புக்கு வருவோம். பைரன்டெல் நல்ல மருந்துதான், குட்டிகளுக்குக்கூடப் பயமில்லாமல் கொடுப்பார்கள். உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் முடக்கிப் போடும். பிடிமானம் விட்டுப் புழு மலத்தோடு வந்துவிடும். நாடாப்புழு மேல் அதற்கு எந்தப் பிடியும் இல்லை, இரண்டு மடங்கு கொடுத்தாலும் பத்து மடங்கு கொடுத்தாலும் அதே கதைதான். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரே தடவை. மருத்துவரிடம் எடை போட்டு வாங்குங்கள்.

கடையில் போய் "புழு மருந்து" என்று கேட்பது, பூட்டைக் காட்டாமல் "சாவி கொடுங்கள்" என்று கேட்பது மாதிரி. எந்தப் புழு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும்.

சும்மா_ஒரு_ஆள்

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக எங்கள் நாய்க்கு நான் என்ன கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது போய்ப் பார்க்கிறேன்.

பச்சிலை

எதற்கு இத்தனை ரசாயனம்? தினம் ஒரு பல் பூண்டு அரைத்துச் சாப்பாட்டில் கலந்தால் புழு அண்டாது. பூசணி விதையும் நல்லது.

வால்கூட்டம்

பூண்டு வேண்டவே வேண்டாம். வெங்காய இனம் மொத்தமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிற நாய்க்குப் பூண்டும் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஓட்டை. பூசணி விதையில் விஷம் இல்லைதான், ஆனால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுகிறோம் பாருங்கள், ஆபத்து அங்கே.

பச்சிலை

எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே? மலத்தில் ஒரு புழுவைக்கூட நான் பார்த்ததில்லை.

நுண்ணோக்கி

இந்த வாக்கியத்தை நான் வாரத்துக்கு பத்துத் தடவை கேட்கிறேன். கண்ணுக்குத் தெரிவது இரண்டுதான். நாடாப்புழுவின் அரிசி ஒன்று. உருண்டைப்புழு இன்னொன்று, வெள்ளை நூல்கண்டு மாதிரி, ஒரு விரல் நீளத்துக்கு மேலேயே இருக்கும். குட்டிகள் வாந்தியிலும் எடுக்கும். கொக்கிப்புழு 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம், நூல் போல மெல்லியது, குடல் சுவரைக் கடித்துக்கொண்டு கிடக்கும், வெளியே தலைகாட்டாது. சாட்டைப்புழு பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில் தலையைச் செருகிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் மலத்தில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள். முட்டையைத்தான் தேட வேண்டும், அதுவும் நுண்ணோக்கியில்.

கிழட்டுக்கூட்டாளி

சாட்டைப்புழு என்றதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. என் கிழவனுக்கு அப்போது 6 வயது. விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு. ஆரம்பத்தில் சாதாரணமாகப் போவான், கடைசியில் சளி மாதிரி, சில நாள் அதில் ரத்தக் கோடு. இரண்டு தடவை மலப் பரிசோதனை, இரண்டிலும் புழு இல்லை என்று வந்தது. உணவை மாற்றினோம். மறுபடி மாற்றினோம். ஏழு மாதம். எடை குறைந்து விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது தடவை வேறொரு மருத்துவர் பரிசோதனைக்கு அனுப்பினார், முட்டை கிடைத்தது. ஃபென்பென்டசோல் மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தோம். ஒரு வாரத்தில் ஆளே மாறிவிட்டான்.

முதல் இரண்டு பரிசோதனையும் ஏன் தவறின என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

நுண்ணோக்கி

கோபம் நியாயம்தான், ஆனால் பரிசோதனை செய்தவர் மேல் பழி போட முடியாது. சாட்டைப்புழு உள்ளே போன நாளிலிருந்து முட்டை போட ஆரம்பிக்க 11 வாரம் அளவுக்கு ஆகும். அதுவரை புழு கடிக்கும், நாய்க்குத் தொந்தரவும் வரும், மலத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. முட்டை போட ஆரம்பித்த பிறகும் தினமும் சீராகப் போடாது. அதனால்தான் அறிகுறி இருந்தால், முட்டை கிடைக்காவிட்டாலும், சில மருத்துவர்கள் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள்.

மருந்தைத் திரும்பக் கொடுத்தீர்களா? மூன்று வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதம் ஆனதும் ஒன்று?

கிழட்டுக்கூட்டாளி

கொடுத்தோம். மூன்றாவது தடவை எதற்கு என்று நான்தான் தகராறு பண்ணினேன். அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம், நாய் அதே மூலையில்தானே போய் மோந்து பார்க்கும் என்று மருத்துவர் சொன்னார். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.

நுண்ணோக்கி

மலம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்குப் போனது, பெரிய நெல்லிக்காய் அளவு, மூடியுள்ள டப்பாவில். நேற்று வெயிலில் காய்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். நாங்கள் அதை அடர்த்தியான உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்குவோம், லேசான முட்டைகள் மேலே மிதந்து வரும். டிபிலிடியத்தின் முட்டை கணுவுக்குள்ளேயே அடைந்துகிடப்பதால் பெரும்பாலும் மிதக்காது. ஆகவே ஜிம்மி வீட்டு அக்கா, நாளைக்குப் பரிசோதனையில் நாடாப்புழு இல்லை என்று வந்தாலும் நம்பாதீர்கள். அந்த எள்ளை ஒரு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், அதைவிடச் சாட்சி வேண்டாம்.

புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு குட்டி இருக்கிறது, 5 வாரம் இருக்கும், தாயோடுதான் இருந்தது. நேற்றிலிருந்து சோர்ந்து படுத்திருக்கிறது. வயிறு மட்டும் பலூன் மாதிரி. மலம் தார் மாதிரிக் கருப்பாக இருக்கிறது. புழுவாக இருக்குமா? எந்த மாத்திரை கொடுக்கலாம்?

வால்கூட்டம்

மேலுதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பாருங்கள். உடனே.

புதுவரவு

வெள்ளையாக இருக்கிறது. ரோஸ் நிறமே இல்லை.

வால்கூட்டம்

இதைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள், இப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். துணியில் சுற்றிக் கதகதப்பாக வையுங்கள். மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கருப்பு மலம் என்றால் உள்ளே ரத்தம் செரித்து வருகிறது, வெளுத்த ஈறு என்றால் உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது. காலைவரை காத்திருக்கலாமா என்று யோசிக்காதீர்கள்.

நுண்ணோக்கி

ஆமாம், போங்கள். மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. ஒரு கொக்கிப்புழு ஒரு நாளைக்கு 0.1 மில்லி வரைகூட ரத்தம் எடுக்கும். பெரிய நாய்க்கு அது ஒன்றுமில்லை. ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்குள் நூறு புழு இருந்தால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குட்டிக்கு இது தாய்ப்பாலில் வருகிறது. புழு முட்டை போடும் வயதுக்கு வருவதற்கு முன்பே ரத்தத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவதால், மலப் பரிசோதனை சுத்தமாக இருக்கும்போதே குட்டி சாகக்கூடும்.

ஏட்டுச்சுரைக்காய்

எனக்கு ஒரு சந்தேகம். தாய்க்குப் போன மாதம்தான் புழு நீக்கம் செய்தோம், பரிசோதனையும் சுத்தம் என்றால், பாலில் எப்படி வரும்?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி. வளர்ந்த நாயின் உடம்பில் இந்தப் புழுக்களின் இளம்பருவம் தசையில் போய்ப் பதுங்கிவிடும். தூங்குகிற மாதிரி. குடலில் வேலை செய்யும் மாத்திரை அங்கே எட்டாது, மலத்திலும் தடயம் இருக்காது. சினை பிடித்ததும் அவை விழித்துக்கொள்ளும். உருண்டைப்புழு, அதாவது டாக்சோகாரா கேனிஸ், சினையின் 42ஆம் நாள் வாக்கில் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள்ளேயே போய்விடும், பாலிலும் கொஞ்சம் வரும். கொக்கிப்புழு முக்கியமாகப் பாலில். ஆகவே குட்டி பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

அந்த அட்டவணை 2, 4, 6, 8 ஆவது வாரங்களில் ஒவ்வொரு தடவை. பிறகு 6 மாதம் ஆகும்வரை மாதம் ஒரு தடவை. கூடவே தாய்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏன் என்றால், மருந்து அன்றைக்குக் குடலில் இருப்பதைத்தான் தள்ளும். நுரையீரல் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் அடுத்த வாரம் குடலுக்கு வந்து சேரும். அவை முட்டை போடுவதற்குள் அடுத்த டோஸ் போக வேண்டும். குட்டி இருமினால் எல்லாமே சளி இல்லை என்பதும் இதனால்தான்.

புழு நிறைய இருக்கிற குட்டிக்கு முதல் டோஸிலேயே மொத்தமும் முடங்கிக் குடலை அடைத்துவிடுவதும் உண்டு. வயிறு ரொம்ப உப்பியிருந்தால் வீட்டிலேயே மருந்து ஊற்றாமல் மருத்துவர் முன்னால் கொடுப்பது நல்லது.

ஏட்டுச்சுரைக்காய்

குட்டி சரி. வளர்ந்த நாய்க்கும் சாகிறவரை மாதாமாதம் மாத்திரையா? தேவைப்பட்டால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் எதற்கு என்பது என் கட்சி. இப்படிக் கொடுத்துக் கொடுத்தே புழுவுக்கு மருந்து பழகிவிடும்.

நுண்ணோக்கி

பழகிவிடும் என்பது கற்பனை இல்லை. அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்டுகளிடம் பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அசையாத கொக்கிப்புழு கிளம்பி, இப்போது மற்ற நாய்களிடமும் காணப்படுகிறது. அதனால் கொக்கிப்புழு உறுதியான நாய்க்கு மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் மலத்தை மறுபடி பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆனால் "தேவைப்பட்டால்" என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நாயின் ஆபத்து எவ்வளவு என்று தெரியாவிட்டால் வருஷத்துக்குக் குறைந்தது 4 தடவை என்று ஐரோப்பாவின் எஸ்காப் என்ற கால்நடை ஒட்டுண்ணி நிபுணர் அமைப்பு சொல்கிறது. மாத்திரை வேண்டாம் என்பவர் அதே இடைவெளியில் மலப் பரிசோதனை செய்யலாம், அதுவும் ஒப்புக்கொண்ட வழிதான். எலி பிடிக்கிற, பச்சை இறைச்சி தின்கிற, சின்னக் குழந்தைகளோடு புரள்கிற நாய்க்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும். மாத்திரையும் இல்லை, பரிசோதனையும் இல்லை என்றால் அதற்குக் கொள்கை என்று பெயர் வைக்காதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

மலப் பரிசோதனைக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். டப்பா வாங்கப் போகிறேன்.

ஆட்டுக்கிடை

எங்களிடம் ஆடுமாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து இருக்கிறது. நாய்க்கும் இரண்டு சொட்டு வாயில் விடுவோம். எல்லாப் புழுவுக்கும் அது ஒன்றே போதும்.

நெறியாளர்

இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். பதிவை அழிக்கவில்லை, ஏன் தவறு என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

கால்நடைக்கான 1 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு சொட்டில் சுமார் அரை மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு இதயப்புழு தடுப்புக்காக மாதம் கொடுக்கும் ஐவர்மெக்டின் 0.06 மில்லிகிராம்தான். ஒரே சொட்டு அதைப் போல எட்டு மடங்கு. காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லண்ட் ஷீப்டாக் போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் எம்டிஆர்1 என்ற மரபணுக் கோளாறு நிறையவே உண்டு. அவற்றுக்கு மூளைக்குள் மருந்து நுழையாமல் காக்கும் கதவு சரியாக மூடாது. நடுக்கம், பார்வை போவது, சுயநினைவு இழப்பது, சாவு வரை போகும். கலப்பின நாயின் பாட்டி யார் என்று யாருக்குத் தெரியும்? தவிர, ஐவர்மெக்டின் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. இந்த இழையே நாடாப்புழுவில்தான் ஆரம்பித்தது.

ஆட்டுக்கிடை

எங்கள் நாய்க்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் கொடுத்துவந்தோம். இனிமேல் இல்லை. பச்சைக் குடல், ஈரல் எல்லாம் நாய்க்குப் போடுவது பரவாயில்லையா?

நுண்ணோக்கி

ஆட்டுக் கிடையில் நாய் வைத்திருக்கிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான், நல்லவேளை கேட்டீர்கள். போடவே கூடாது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்து, அதை நாய் பச்சையாகத் தின்றால் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு வரும். சில மில்லிமீட்டர் நீளம்தான், நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. நாயின் மலத்தில் வரும் முட்டை மனிதருக்குள் போனால் அதே நீர்க்கட்டி நம் ஈரலில் வளரும், பல வருஷம் சத்தமில்லாமல். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். உறுப்புகளை நன்றாக வேகவைத்துப் போடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். உங்கள் நாய்களுக்குப் பிராசிகுவான்டெல் எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிம்மி_வீட்டுக்காரி

இதையெல்லாம் படித்தால் மகளை அவன் பக்கமே விடத் தோன்றவில்லை.

வால்கூட்டம்

அப்படியெல்லாம் பிரிக்க வேண்டாம் அக்கா. ஜிம்மியின் புழு உங்கள் மகளுக்கு வர வேண்டுமானால் அவள் தெள்ளை விழுங்க வேண்டும். நடக்கும், ஆனால் அரிது, மருந்துக்கும் உடனே கேட்கும்.

கவனம் வைக்க வேண்டியது உருண்டைப்புழு மேல்தான். அதன் குஞ்சு மனித உடம்பில் வழி தெரியாமல் அலையும், ஈரலுக்குப் போகும், சில சமயம் கண்ணுக்கும். ஆனால் அதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது, மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்து பக்குவப்பட வேண்டும். தினமும் மலத்தை அள்ளிவிட்டால் பக்குவப்பட விடாமலே முடித்துவிடுகிறோம். நான் எந்த மாத்திரையையும்விட அந்த முறத்தைத்தான் நம்புகிறேன். பக்குவப்பட்டு மண்ணில் கலந்துவிட்டால் கிருமிநாசினிக்கெல்லாம் அது அசையாது.

அப்புறம், மண்ணில் விளையாடினால் கை கழுவுவது, மணல் குழியை மூடி வைப்பது. கொக்கிப்புழுக் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் துளைத்து ஏறும், தோலில் கோடு கோடாக அரிக்கும். நாய் கட்டுகிற இடத்தைக் காய்ந்த தரையாக வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை போகும்.

பின்பக்கம் தேய்ப்பதைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அது பெரும்பாலும் புழுவால் இல்லை, ஆசனவாய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால். மருத்துவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுவரவு

உங்கள் எல்லோருக்கும் நன்றி. கொக்கிப்புழுதான். அன்றிரவே ரத்தம் ஏற்றினார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தது, இப்போது வீட்டில், எழுந்து நின்று என் செருப்பைக் கடிக்கிறது. கூடப் பிறந்த இன்னும் மூன்று குட்டிகளுக்கும் தாய்க்கும் அன்றே மருந்து கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து அடுத்தது. அந்த ஈறைப் பார்க்கச் சொன்னவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

வால்கூட்டம்

செருப்பைக் கடிக்கிறதா? சரி, அது போதும்.

ஜிம்மி_வீட்டுக்காரி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். அன்றைக்கே பிராசிகுவான்டெல் கொடுத்தாயிற்று. மறுநாள் மலத்தைக் கிளறிப் பார்த்தேன், ஒரு புழுவும் இல்லை. இதுவும் வேலை செய்யவில்லையோ என்று பதறிப்போய் மருத்துவருக்குப் போன் செய்தேன். இந்த மருந்தில் புழுவின் தோல் சிதைந்து உள்ளேயே செரித்துவிடும், முழுசாக வெளியே வராது என்றார். சுரப்பியைப் பிதுக்கிவிட்டார், தேய்ப்பதும் நின்றது.

தெள்ளு மருந்தை மாதாமாதம் போடுகிறோம், படுக்கையை வாரம் ஒரு தடவை சுடுநீரில் துவைக்கிறோம். ஆனாலும் நான்காவது வாரம் மறுபடி இரண்டு தெள்ளு! எங்கிருந்து என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால் எங்கள் பூனை. மாடிப்படியில் தூங்குகிறவளைச் சீவிப் பார்த்தேன், அவள் முதுகு முழுக்க அதே கருப்புத் தூள்.

நுண்ணோக்கி

பூனைத்தெள்ளுதான் நாய் மேலும் பெரும்பாலும் ஓடுவது. அவளுக்கும் மருந்து போடுங்கள், ஆனால் ஜிம்மியின் தெள்ளு மருந்தைப் பங்கு போட்டுவிடாதீர்கள். நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம். அவளுக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், அப்படியே நாடாப்புழுவுக்கும் சேர்த்து.

ஜிம்மி_வீட்டுக்காரி

நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கூடைக்குள் போக மாட்டேன் என்று இப்போதே பீரோ மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.